சிகரெட் வாடை பிடித்த வாடகை வீடு: கழுவுவது முதல் பெயின்ட் அடிப்பது வரை

பெங்களூரில் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது, பெயின்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வது ஊர் வழக்கம். அந்தப் பணத்தில் பல வீடுகளில் நடக்கிற வேலை, இருக்கிற சுவர்மேலேயே ஒரு கோட்டு டிஸ்டெம்பர் அடித்துவிடுவதுதான். முன்பு இருந்தவர் வருடக்கணக்கில் ஹாலில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தவர் என்றால், அந்த ஒற்றைக் கோட்டு அதிக நாள் தாங்காது. சில வாரங்களில் மஞ்சள் ஊறி மேலே வரும். மழை பிடித்த அன்று பழைய சாம்பல் கிண்ணத்தைத் திறந்தது போல வாடை எழும்பும். புதிதாகக் குடிவந்தவர்கள் சாம்பிராணி போடுவார்கள், கற்பூரம் வைப்பார்கள், ரூம் ஸ்பிரே வாங்கி அடிப்பார்கள். அடுத்த மழைக்கு வாடை மறுபடியும் வந்து நிற்கும்.

அப்படி ஒரு வீட்டில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும், சாவி வாங்கி இன்னும் சாமான் இறக்காதவர்களுக்கும் இந்தக் குறிப்புகள். சாமான் இறக்காதவர்களுக்கு வேலை பாதிதான். காலியான 2 படுக்கையறை வீட்டை இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று நான்கு நாளில் கழுவி முடிக்கலாம். அதே வீடு சாமானோடு இருந்தால் பத்து நாள்கூட இழுக்கும். ஆகவே முடிந்தால் குடியேறும் தேதியை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

வாடை காற்றில் இல்லை, பொருளில் இருக்கிறது

சிகரெட் புகையில் தார் துகள்களும் உண்டு, ஆவியாக வருகிற நிக்கோட்டினும் உண்டு. தார் எண்ணெய்ப் பசை போலச் சுவரிலும் கண்ணாடியிலும் ஃபேன் இறக்கையிலும் படிகிறது. நிக்கோட்டின் சுண்ணாம்பு, சுவரைச் சமப்படுத்தப் பூசும் பட்டி, பஞ்சு, பெயின்ட் அடிக்காத மரம் என்று நுண்துளை உள்ள எதற்குள்ளும் இறங்கிவிடும். சூடும் ஈரப்பதமும் ஏறும்போது உள்ளே போனது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஜன்னலைத் திறந்து வைத்தால் அறையின் காற்று மாறுகிறது, ஆனால் வாடையின் இருப்பு சுவரிலேயே இருக்கிறது. ஜன்னலைச் சாத்திய சில மணி நேரத்தில் பழைய கதைதான்.

இது மூக்குக்கு மட்டும் தொல்லை தருகிற சங்கதி அல்ல. படிந்த நிக்கோட்டின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்களாக மாறுகிறது என்பதை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் 2010இல் காட்டினார்கள். நைட்ரஸ் அமிலம் எங்கோ தொழிற்சாலையிலிருந்து வர வேண்டியதில்லை, கேஸ் அடுப்பு எரிந்தாலே வீட்டுக்குள் உண்டாகும். கலிபோர்னியாவில் செய்து 2011இல் வெளியான இன்னொரு ஆய்வில், புகைத்தவர்கள் காலி செய்த வீடுகள் இரண்டு மாதம்போலச் சும்மா கிடந்து, சுத்தம் செய்யப்பட்டு, புதியவர்கள் குடிவந்த பிறகும் தூசியிலும் பரப்புகளிலும் நிக்கோட்டின் இருந்தது. தரையில் தவழ்ந்து, கண்டதைத் தொட்டு, அந்தக் கையையே வாயில் வைக்கிற குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

சாம்பிராணியும் ஊதுபத்தியும் இங்கே உதவாது. அவையும் புகைதான், அதே சுவரில் இன்னொரு அடுக்காகப் படிகிறவைதான். ஓசோன் இயந்திரம் கொண்டுவந்து ஓட்டித் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும், ரப்பரைக் கெடுக்கும். நிக்கோட்டினோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடு போன்ற வேறு நச்சுகளையும் நுண்துகள்களையும் உண்டாக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல பிரைமர் வாங்கலாம்.

முதலில் அளவு பாருங்கள்

வெள்ளைப் பஞ்சை எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த நீரில் நனைத்துப் பிழிந்து, கதவுச் சட்டத்தின் மேல் விளிம்பிலும் சீலிங்கின் மூலையிலும் பத்து முறை தேயுங்கள். சாதாரணத் தூசி சாம்பல் நிறத்தில் வரும். சிகரெட் படிவு மஞ்சளாகவோ டீத்தூள் நிறத்திலோ வரும், விரலில் பிசுக்கென்று ஒட்டும். முன்பு காலண்டர் மாட்டியிருந்த ஆணி இருக்கிற இடத்தையும் பாருங்கள். காலண்டர் மறைத்திருந்த சதுரம் வெளுப்பாகவும் சுற்றிலும் பழுப்பாகவும் இருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். புது பெயின்ட் அடித்த வீட்டில் இந்தச் சதுரம் தெரியாது. அங்கே அலமாரியின் உள்பக்கம், ஸ்விட்ச் பலகைக்குப் பின்னால், கர்ட்டன் ராடின் உள்குழாய், பரணின் அடிப்பக்கம் என்று பெயின்டர் கை படாத இடங்களில் தேடுங்கள்.

மூக்கை நம்புவதிலும் ஒரு கவனம் வேண்டும். பத்து நிமிடம் உள்ளே இருந்தாலே மூக்கு பழகிவிடும். வீட்டை ஒரு நாள் முழுக்கப் பூட்டி வைத்து, மறுநாள் வெளியிலிருந்து வரும்போது கதவைத் திறந்த முதல் மூச்சில் தெரிவதுதான் கணக்கு. சிகரெட் பழக்கம் இல்லாத வேறொருவரை அழைத்துவந்து முகரச் சொல்வது இன்னும் நல்லது.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் வாடை உள்ளே இருக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாத்ரூம் ஜன்னல்கள் எல்லாம் ஒரே ஷாஃப்டில் திறப்பதால், கீழ்வீட்டுக்காரர் பாத்ரூமில் புகைத்தால் உங்கள் பாத்ரூமுக்கு வந்துவிடும். ஒரு ராத்திரி அந்த ஜன்னலையும் எக்சாஸ்ட் துளையையும் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் வைத்து அடையுங்கள். காலையில் வாடை இல்லையென்றால் சுவரைக் கழுவிப் பயனில்லை. குழாய் நுழையும் ஓட்டைகளை வெள்ளை சிமென்டால் அடைத்து, எக்சாஸ்ட் ஃபேனுக்குத் தானாக மூடும் ஷட்டர் போடுவதுதான் அங்கே வேலை.

வாங்க வேண்டியவை, தண்ணீர் உட்பட

சலவை சோடா ஒரு கிலோ. ஆப்ப சோடா வேறு, இது வேறு. மளிகைக் கடையில் வாஷிங் சோடா என்று கேட்டால் தருவார்கள். வெள்ளை வினிகர் மூன்று லிட்டர். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பாட்டில். கிழித்து வைத்த பழைய வேட்டித் துணி அல்லது மைக்ரோஃபைபர் துணி பதினைந்து. வாளி இரண்டு, நீளக் கைப்பிடியுள்ள தட்டை மாப் ஒன்று, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, சீலிங் கழுவும்போது கண்ணுக்குக் கண்ணாடி. தரையில் விரிக்கப் பழைய பெட்ஷீட்.

பெங்களூரில் தண்ணீரையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கிறது. போர்வெல்லும் டேங்கரும் தருகிற தண்ணீர் பல பகுதிகளில் கடினநீர். சலவை சோடாவை அதில் கலந்தால் ஒரு பகுதி சோடா தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் பிரிந்துவிடும். சுவர் காய்ந்ததும் திட்டுத்திட்டாக வெள்ளைப் பூச்சு தெரியும். அப்படிப்பட்ட தண்ணீரில் சோடாவை ஒன்றரை மடங்கு போடுங்கள், கடைசியாகத் துடைக்கிற தண்ணீராவது காவேரித் தண்ணீராக இருக்கட்டும். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் சேர்த்துவைத்து வீடு துடைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது. அதில் உப்பு இன்னும் கூடுதல்.

ஏன் இரண்டு கழுவல்

சலவை சோடாவும் வினிகரும் ஆளுக்கொரு வேலை செய்கின்றன. தார் எண்ணெய்ப் பசை போன்றது, அதை இளக்கிக் கரைக்கக் காரமும் சோப்பும் வேண்டும். நிக்கோட்டின் தானே ஒரு காரம். அமிலம் பட்டால் உப்பாக மாறி, ஆவியாகாமல் தண்ணீரோடு வந்துவிடும். ஆகவே முதலில் சோடாத் தண்ணீர், நடுவில் வெறும் தண்ணீர், பிறகு வினிகர் தண்ணீர், கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர். சோடாவால் கழுவும்போது வாடை குறையாமல் கூடுகிறதே என்று பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். காரத்தில் நிக்கோட்டின் எளிதாக ஆவியாகும், அதனால் வருகிற வாடை அது. வினிகர் துடைப்பு முடிந்ததும் அடங்கும். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கட்டும்.

இரண்டையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்க ஊற்றுகிற வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். ப்ளீச்சிங் பவுடரோ ப்ளீச் திரவமோ இந்த வேலைக்குத் தேவையே இல்லை. அது வினிகரோடோ டாய்லெட் கழுவும் அமிலத்தோடோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சாத்திய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அளவு: 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 கிராம் சலவை சோடா, இரண்டரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம். வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு.

எதில் எது படக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அலுமினிய ஜன்னல் சட்டத்தில் சோடா பட்டால் கறுத்து மங்கிவிடும், அங்கே பாத்திரம் கழுவும் திரவம் போதும். பாலிஷ் போட்ட மரக்கதவிலும் சோடா வேண்டாம். மார்பிள், மொசைக், கடப்பாக் கல் மூன்றையும் வினிகர் அரித்துவிடும். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கிற ரெட் ஆக்சைடு தரையும் சிமென்ட்தான், அதிலும் வினிகர் ஆகாது. அத்தகைய தரைகளுக்கு லேசான சோப்புத் தண்ணீரும் பொறுமையும்தான்.

சுவரும் சீலிங்கும்

ஈரத் துணியால் சுவரை ஓர் இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் சுண்ணாம்பு போல ஒட்டிவந்தால் அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு அடிப்பு. அதைக் கழுவ முடியாது, கழுவவும் வேண்டாம். ஸ்பாஞ்சால் நன்றாக நனைத்து, பத்து நிமிடம் விட்டு, பட்டித் தகடால் சுரண்டி எடுங்கள். படிவு அதோடு சேர்ந்தே போய்விடும் என்பதால் ஒருவிதத்தில் இது எமல்ஷன் சுவரைவிட வசதி. பழைய ஆயில் பெயின்ட் அடித்த சுவரோ ஜன்னல் கம்பியோ இருந்தால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளே பாதுகாப்பு.

எமல்ஷன் சுவர் என்றால் கழுவலாம். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த துணி சுற்றிய துடைப்பத்தால் ஒட்டடையும் தூசியும் தட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் தண்ணீர் தொட்டால் தூசி சேறாகிவிடும். சீலிங்கிலிருந்து தொடங்குங்கள். சூடான புகை மேலே போவதால் படிவு அங்கேதான் அதிகம், அதுவும் ஃபேனைச் சுற்றியும் டியூப்லைட்டுக்கு மேலும்.

சுவருக்கு வரும்போது, சோடாத் தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பூசுங்கள். இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. மேலிருந்து பூசினால், அழுக்குத் தண்ணீர் உலர்ந்த படிவின்மேல் கோடுகோடாக வழியும். அந்தக் கோடுகள் காய்ந்துவிட்டால் எளிதில் போகாது. ஏற்கெனவே நனைந்த சுவரில் வழிந்தால் தடம் விழாது. மூன்றடிக்கு மூன்றடி என்று ஒரு கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். பூசி மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். பழுப்பு நிறம் மெல்ல இளகி, வியர்வை போலச் சின்னச் சின்னத் துளிகளாகத் திரள்வது கண்ணுக்குத் தெரியும். அப்போது துணியால் வழித்து எடுங்கள். காய விடாதீர்கள், காய்ந்தால் கரைந்ததெல்லாம் திரும்ப ஒட்டிக்கொள்ளும். உடனே இரண்டாவது வாளியின் நல்ல தண்ணீரில் நனைத்த வேறு துணியால், இம்முறை மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

வாளித் தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு வந்ததும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். இங்கேதான் நிறையப் பேர் தண்ணீரைச் சிக்கனம் செய்து வேலையைக் கெடுக்கிறார்கள். பழுப்புத் தண்ணீரில் நனைத்த துணி ஒரு சுவரின் நிக்கோட்டினை எடுத்து அடுத்த சுவரில் சீராகப் பூசிவிடும். ஒரு அறைக்கு நான்கைந்து வாளி ஆவது இயல்பு. முதல் சுற்று முடிந்ததும் வெள்ளைத் துணியால் சோதியுங்கள். மஞ்சள் வந்தால் இன்னொரு சுற்று. கடுமையாகப் புகைத்த வீட்டில் மூன்று சுற்று ஆகும். அதன்பின் வினிகர் தண்ணீரால் ஒரு துடைப்பு, ஐந்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீர். ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு நாள் மணக்கும், பிறகு போய்விடும்.

பாத்ரூமுக்கு ஒரு தனிக் குறிப்பு. வெந்நீரில் குளித்த பிறகு சீலிங்கில் டீ நிறத் துளிகள் தொங்கினால் பெரும்பாலும் சிகரெட் தார்தான், கழுவாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆனால் புதிதாக அடித்த எமல்ஷனும் முதல் சில வாரங்களில் பழுப்பான, சோப்பு போல வழுவழுப்பான கசிவை விடுவதுண்டு. அது வாடை அடிக்காது, இரண்டு மூன்று தடவை துடைத்தால் நின்றுவிடும். துளியைத் தொட்டு முகர்ந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

மரமும் மறைவிடங்களும்

சுவரைக் கழுவி முடித்தும் வாடை மிச்சமிருந்தால் முதலில் அலமாரியைச் சந்தேகியுங்கள். வெளியே லேமினேட் ஒட்டி, உள்ளே வெறும் பிளைவுட்டாக விட்ட அலமாரிகள் வாடகை வீடுகளில் ஏராளம். வெறும் மரம் புகையை உறிஞ்சி வருடக்கணக்கில் வைத்திருக்கும், அதில் தொங்கவிட்ட துணிக்கெல்லாம் ஏற்றும். கதவுகளின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் அப்படித்தான். யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. ஸ்டூல் போட்டு ஏறி அங்கே மூக்கை வைத்துப் பாருங்கள்.

வெறும் மரத்தை நீர்விட்டுக் கழுவினால் உப்பிவிடும். வினிகர் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் கதவைத் திறந்துபோட்டுக் காயவிட்டு, பிறகு அவலரக்கு (ஷெல்லாக்) பூசி அடைத்துவிடுவதுதான் வழி. மரத் தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் போடப் பயன்படுத்துகிற அதே சரக்கு. ஒரு லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் 200 கிராம் அவலரக்கைப் போட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, துணியில் வடிகட்டினால் பூசத் தயார். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு கோட்டு. அரக்குப் படலம் வாடையை அருமையாக அடைக்கும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், அன்று முழுக்க அடுப்பும் விளக்கும் வேண்டாம். பூசிய பிறகு அந்தப் பலகையில் சோடாத் தண்ணீர் படக்கூடாது, அரக்கு காரத்தில் கரைந்துவிடும்.

ஃபேன் இறக்கையின் மேல்பக்கம், ஸ்விட்ச் தகடுகள், கொசுவலை, கர்ட்டன் ராட், ஜன்னல் கம்பி, எக்சாஸ்ட் ஃபேன் கூண்டு இவற்றையெல்லாம் கழற்ற முடிந்தால் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள். கொசுவலை ஊறிய தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாலே அந்த வீட்டின் வரலாறு தெரியும்.

ஏசி இருந்தால், போட்ட முதல் இரண்டு நிமிடத்தில் வாடை அடித்து அப்புறம் குறைகிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் காயிலிலும் புளோயர் உருளையிலும் படிவு இருக்கிறது. ஃபில்டரை மட்டும் கழுவுகிற சர்வீஸ் பயன்படாது. ஜெட் பம்ப் கொண்டுவரச் சொல்லி, டிரெயின் டிரேயைக் கழற்றி, புளோயரையும் சேர்த்துக் கழுவச் சொல்லுங்கள். காயிலின் தகடுகள் அலுமினியம், எனவே நீங்களாகச் சோடா தெளிக்க வேண்டாம்.

துணி, மெத்தை, புத்தகம்

துவைக்கக்கூடிய துணியை 10 லிட்டர் தண்ணீருக்கு 200 மில்லி வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, பிறகு வழக்கம்போல சோப்பு போட்டுத் துவையுங்கள். வெயிலில் காயட்டும். வாடை முழுக்கப் போகாமல் இஸ்திரி போடாதீர்கள். சூட்டில் வாடை கிளம்பி அறைக்குள் பரவும், மிச்சம் துணியில் இறுகும். பட்டுப் புடவைக்கும் ஜரிகைக்கும் வினிகர் வேண்டாம். நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மூன்று நாள் கொடியில் போட்டு மடிப்பை மாற்றி மாற்றி விடுங்கள், போகவில்லையென்றால் டிரை கிளீனிங்.

இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, பஞ்சை மொட்டை மாடி வெயிலில் உலர்த்தி, அடித்து, புது உறை போட்டுத் தைக்கலாம். ஃபோம் மெத்தையும் ஃபோம் சோஃபாவும் வேறு கதை. வாடை அரை அங்குலத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் வீட்டில் செய்யக்கூடிய எந்த வைத்தியமும் அதை எடுக்காது. ஆப்ப சோடா தூவி வாக்குவம் செய்யச் சொல்வார்கள். நிக்கோட்டினும் காரம், சோடாவும் காரம் என்பதால் அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, மேலோட்டமாக ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான். ஓனர் விட்டுப்போன பழைய சோஃபாவை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுங்கள். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

புத்தகங்களை நிழலில் விசிறி போல விரித்து நிறுத்தி இரண்டு நாள் ஃபேன் காற்று படவிடுங்கள். பிறகு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், 250 கிராம் ஆக்டிவேட்டட் கார்பனைத் துணிப் பையில் கட்டி உடன் வைத்து, இரண்டு வாரம் மூடிவையுங்கள். அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது.

காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்கலாமா என்றால், சுவர் கழுவிய பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம். ஹெப்பா ஃபில்டர் துகள்களைப் பிடிக்கும், வாடை ஆவியைப் பிடிக்காது. அதோடு வருகிற மெல்லிய கார்பன் தாள் இப்படிப்பட்ட வீட்டில் சீக்கிரம் நிறைந்துவிடும்.

பெயின்ட்

கழுவிய சுவர் காய வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதம் என்றால் இரண்டு மூன்று நாள், மழைக்காலம் என்றால் ஒரு வாரம். இந்த வேலையை வருடத்தின் முதல் நான்கு மாதங்களுக்குள் வைத்துக்கொள்வது பெங்களூரில் எல்லா வகையிலும் நல்லது.

வாட்டர் பிரைமரும் எமல்ஷனும் தண்ணீரில் கலந்தவை. மிச்சமிருக்கிற நிக்கோட்டினும் தண்ணீரில் கரைவது. அதனால் பெயின்ட் காயும்போதே தண்ணீரோடு மஞ்சளும் மேலே ஏறி வந்துவிடும். எத்தனை கோட்டு அடித்தாலும் ஏறும். நடுவில் தண்ணீர் இல்லாத ஓர் அடுக்கு வேண்டும், அதுதான் டர்பன்டைன் கலந்து அடிக்கிற சால்வென்ட் பிரைமர். விலையும் அதிகம், காயவும் நேரமாகும் என்பதால் பெயின்டர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள். இங்கே தமிழ் பேசும் பெயின்டர்களுக்குப் பஞ்சமில்லை, தெளிவாகவே சொல்லிவிடலாம்: “அண்ணா, சிகரெட் கறை இருக்கற சுவரு. வாட்டர் பிரைமர் வேணாம், சால்வென்ட் பிரைமர் ஒரு கோட்டு அடிச்சு ஒரு ராத்திரி விட்டுடுங்க. எமல்ஷன் அப்புறம்தான்.” பட்டி பார்க்க வேண்டிய இடமிருந்தாலும் பிரைமருக்குப் பிறகே பட்டி. நேராகப் பட்டி போட்டால் அதுவும் உறிஞ்சிக்கொள்ளும்.

முழு வீட்டையும் அடிக்கும் முன், கறை அதிகமான மூலையில் ஓரடிச் சதுரம் பிரைமரும் ஒரு கோட்டு எமல்ஷனும் அடித்து இரண்டு நாள் காத்திருங்கள். மஞ்சள் ஏறினால் பிரைமர் இரண்டு கோட்டு ஆக வேண்டும். ஓனர் பெயின்டிங் செலவை ஏற்பதாக இருந்தால், பிரைமரின் விலை வித்தியாசத்தை நீங்கள் போட்டாவது இதைச் செய்யவையுங்கள். சால்வென்ட் பிரைமர் அடித்த இரண்டு மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் தூங்க வேண்டாம், கைக்குழந்தையும் கர்ப்பிணியும் ஒரு வாரம் தள்ளியே இருக்கட்டும்.

வீட்டிலேயே இன்னும் யாராவது புகைக்கிறார்கள் என்றால் இத்தனை வேலையும் சில மாதங்களில் வீணாகிவிடும். பால்கனியில் நின்றாலும் கதவு திறந்திருந்தால் பாதிப் புகை உள்ளேதான் வருகிறது, சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. விட நினைப்பவர்களுக்கு சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. அந்தச் சேவையின் மையங்களில் ஒன்று பெங்களூர் நிம்ஹான்ஸில் இயங்குகிறது.

குடியேறிய பிறகு, முதல் கனமழை பெய்த மறுநாள் காலை ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போய்விட்டு வந்து, அறை அறையாக, அலமாரி அலமாரியாகத் திறந்து முகருங்கள். மழையின் ஈரம், விட்டுப்போன இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். அது பெரும்பாலும் ஒரு கதவு விளிம்பாகவோ பரண் பலகையாகவோதான் இருக்கும். காய்ந்ததும் அந்தப் பலகைக்கு மட்டும் இன்னும் இரண்டு கோட்டு அரக்கு போதும்.